ரத்தம் ஏற்றினால் குடல் கெடுமா? குறைமாதக் குழந்தைக்காக எடுக்க வேண்டிய முடிவுகள்

"மேடம், ரத்தம் ஏத்தினா ரெண்டு நாள்ல குடல் அழுகிடும்னு போட்டிருக்கே, உண்மையா?"

ஒரு கையில் சம்மதப் படிவம், இன்னொரு கையில் போன். பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவான என்ஐசியு வாசலில் நின்று அந்தத் தம்பி கேட்டார். உள்ளே வார்மரில் அவருடைய மகள். 28 வாரத்தில், 940 கிராமில் பிறந்தவள். அன்றைக்கு 26-ஆம் நாள். எடை ஒரு கிலோவைத் தாண்டியிருந்தது. மூக்கில் மூச்சுக்கு உதவும் சீபேப் கருவி, வாய் வழியாக வயிற்றுக்குப் போகும் மெல்லிய குழாயில் இரண்டு மணிக்கொரு தடவை அம்மாவின் பால். காலையில் பார்த்த ஹீமோகுளோபின் 7.8. சாயங்காலம் ரத்தம் ஏற்றலாம் என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

அவர் படித்தது கட்டுக்கதை இல்லை. பச்சிளங்குழந்தை மருத்துவத்தில் முப்பது வருஷத்துக்கும் மேலாக நடக்கும் விவாதம் அது. "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, கையெழுத்துப் போடுங்க" என்று அவரை அனுப்பிவிட எனக்கு மனசு வரவில்லை. உட்காரவைத்துப் பேசினேன். அவருக்குச் சொன்னதைத்தான் இன்னும் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். இதே படிவத்தைக் கையில் வாங்கப்போகும் அப்பா அம்மாக்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

முதலில் அந்த நோய். நெக்ரோடைசிங் என்டரோகொலைட்டிஸ் என்பதை டாக்டர்கள் என்இசி என்று சுருக்கிச் சொல்வார்கள். குடல் சுவர் வீங்கி, சில இடங்களில் உயிரிழந்து, மோசமானால் ஓட்டையே விழுந்துவிடும். ஒன்றரைக் கிலோவுக்குக் கீழே பிறக்கும் குழந்தைகளில் 5 முதல் 10 சதவீதம் பேருக்கு வருகிறது. வந்தவர்களில் 20 முதல் 30 சதவீதம் குழந்தைகளை நாம் இழக்கிறோம். அறுவை சிகிச்சை வரை போனவர்களில் இன்னும் அதிகம். ஆரம்பம் சத்தமே இல்லாமல் இருக்கும். வயிறு லேசாக உப்பும், முந்தைய பால் செரிக்காமல் குழாயில் பச்சை நிறமாகத் திரும்பி வரும், குழந்தை துவண்டு கிடக்கும், மலத்தில் ஒரு சொட்டு ரத்தம் தெரியும். எக்ஸ்ரேயில் குடல் சுவருக்குள் காற்றுக் குமிழிகள் வரிசை கட்டியிருந்தால் சந்தேகமே இல்லை. நல்லாப் பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தை ஆறு மணி நேரத்தில் வென்டிலேட்டருக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்தப் பெயரைக் கேட்டாலே எங்களுக்கும் வயிற்றைக் கலக்கும்.

இதற்கு ஒற்றைக் காரணம் கிடையாது. முதிராத குடல், அதில் குடியேறும் கிருமிகள், பவுடர் பால், குடலுக்குப் போகும் ரத்த ஓட்டத்தின் குறைபாடு என்று பல சேர்ந்து வரும் நோய். அந்தப் பட்டியலில் ரத்தம் ஏற்றுவதும் உண்டா என்பதுதான் கேள்வி.

சந்தேகம் எங்கிருந்து வந்தது

1987-ல் அமெரிக்காவில் ஒரு மருத்துவமனையில் இந்த நோய் கொத்தாக வந்தபோது, என்ன பொதுவாக இருந்தது என்று தேடிப் பார்த்தார்கள். ரத்தம் ஏற்றியது கண்ணில் பட்டது. 2000-க்குப் பிறகு ஒவ்வொரு ஊரிலும் பழைய கேஸ் தாள்களைப் புரட்டினார்கள். நோய் வந்த குழந்தைகளில் கணிசமான பங்குக்கு, அதற்கு முந்தைய 48 மணி நேரத்துக்குள் ரத்தம் ஏற்றியிருந்தது. 2012-ல் இந்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டபோது, ரத்தம் ஏற்றிய குழந்தைகளுக்கு என்இசி வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று வந்தது. அந்தத் தம்பி போனில் படித்தது இந்த வகைச் செய்திதான்.

இரண்டு மடங்கு என்றதும் பதறத்தான் தோன்றும். ஆனால் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையும் மருத்துவத்தில் நிறைய உண்டு. இங்கே அப்படி நினைக்க இரண்டு வலுவான காரணங்கள் இருக்கின்றன.

ஒன்று, நேரம். அம்மாவின் வயிற்றுக்குள் இருந்தபோது குழந்தைக்குக் கிடைத்த ஆக்சிஜன் குறைவு, அதனால் எலும்பு மஜ்ஜை வேகமாக ரத்தம் தயாரித்தது. வெளியே வந்ததும் ஆக்சிஜன் தாராளம், மஜ்ஜை தன் வேலையைக் குறைத்துக்கொள்கிறது. நிறைமாதக் குழந்தைக்கே இது நடக்கும். குறைமாதக் குழந்தைக்கு இன்னும் சீக்கிரமாக, இன்னும் ஆழமாக நடக்கும். நாலு முதல் ஆறு வாரத்துக்குள் ஹீமோகுளோபின் தன் அடிமட்டத்துக்கு வந்துவிடும். என்இசி அதிகம் வருவதும் ஏறக்குறைய இதே வாரங்களில்தான். ஒரு கிலோவுக்குக் கீழே பிறந்தவர்களில் பெரும்பாலானோர் ஒரு முறையாவது ரத்தம் ஏற்றிக்கொள்கிறவர்கள். அப்படியிருக்க, எந்த நோய் வந்தாலும் அதற்கு முந்தைய இரண்டு நாளில் ரத்தம் ஏற்றியிருக்க வாய்ப்பு அதிகம்.

இன்னொன்று, முன்பின் குழப்பம். மூச்சை நிறுத்தி நிறுத்தி விடுவது, இதயத்துடிப்பு குறைவது, சோர்வு. இவை ரத்தசோகையின் அறிகுறிகள். என்இசி உள்ளே தொடங்கிவிட்டது என்பதன் முதல் அறிகுறிகளும் இவையேதான். டாக்டர் குழந்தையைப் பார்க்கிறார், ஹீமோகுளோபின் குறைவு, ரத்தம் ஏற்றுகிறார். மறுநாள் வயிறு உப்புகிறது. பழி ரத்தத்தின் மேல் விழுகிறது. உண்மையில் நோய் ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது, ரத்தம் தாமதமாக வந்த விருந்தாளி.

2016-ல் அட்லாண்டாவில் மூன்று என்ஐசியுக்களில் 598 குழந்தைகளைப் பிறந்த நாள் முதலே பின்தொடர்ந்து எழுதிய ஆய்வு எனக்கு மிக முக்கியமானது. பழைய தாள்களைப் புரட்டாமல், ஒவ்வொரு வாரமும் ஹீமோகுளோபினும் பார்த்து, ரத்தம் ஏற்றியதையும் குறித்துக்கொண்டு போனார்கள். ரத்தம் ஏற்றியதற்கும் என்இசிக்கும் தொடர்பு தெரியவில்லை. ஹீமோகுளோபின் 8 அல்லது அதற்கும் கீழே போன வாரங்களில் என்இசி வரும் வேகம் ஏறத்தாழ ஆறு மடங்காக இருந்தது. அதாவது இத்தனை வருஷம் ரத்தப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பார்க்க வேண்டியது பையைத் தொங்கவிடும் நிலைமைக்குக் கொண்டுவந்த ரத்தசோகையை.

2019-ல் எலிக்குட்டிகளில் செய்த ஒரு சோதனை இந்த இரண்டையும் ஒட்டவைத்தது. குட்டிகளிடமிருந்து சில நாட்கள் ரத்தம் எடுத்து சோகை வரவைத்தார்கள். அப்போதே குடலில் அழற்சிச் செல்கள் வந்து சேர்ந்தன, குடல் சுவர் கசியத் தொடங்கியது. அந்த நிலையில், சேமித்து வைத்த ரத்தத்தை ஏற்றியபோது என்இசி போலவே குடல் கெட்டது. சோகை இல்லாத குட்டிக்கு ரத்தம் ஏற்றியபோது அப்படி ஆகவில்லை. எலி மனிதக் குழந்தை ஆகாதுதான். ஆனால் கேள்வியை இது சரியான இடத்துக்கு நகர்த்துகிறது. "ஏற்றலாமா, வேண்டாமா" என்பதைவிட "எவ்வளவு கீழே போக விட்டபின் ஏற்றுகிறோம்" என்பதுதான் கேட்க வேண்டியது.

சீக்கிரமே ஏற்றுவதா, பொறுத்துப் பார்ப்பதா

பெற்றோர் முன்னால் நிஜமாகவே இருக்கும் முதல் தேர்வு இதுதான். நல்ல காலமாக, இதற்கு மட்டும் பெரிய அளவில் பதில் இருக்கிறது.

2020-ல் இரண்டு ஆய்வுகள் சில மாத இடைவெளியில் வெளிவந்தன. அமெரிக்காவில் நடந்த டாப் ஆய்வில் ஆயிரம் கிராமும் அதற்குக் கீழும் பிறந்த 1,824 குழந்தைகள். ஐரோப்பாவில் நடந்த எட்னோ ஆய்வில் 1,013 குழந்தைகள். சீட்டுக் குலுக்குவது மாதிரி இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ஹீமோகுளோபின் கொஞ்சம் குறைந்தாலே ரத்தம். இன்னொரு குழுவுக்கு நன்றாகக் குறைந்த பிறகுதான். டாப் ஆய்வில் மூன்றாம் வாரத்துக்கு மேல், மூச்சுக்கு உதவி தேவைப்படும் குழந்தைக்கு ஒரு குழுவில் வரம்பு 11, இன்னொரு குழுவில் 8.5. மூச்சுக்கு உதவி வேண்டாத குழந்தைக்கு 10-ம் 7-ம்.

முதல் குழுக் குழந்தைகள் சராசரியாக 6.2 முறை ரத்தம் ஏற்றிக்கொண்டார்கள், இரண்டாவது குழு 4.4 முறை. ரத்தம்தான் குடலைக் கெடுக்கிறது என்றால், அதிகம் ஏற்றிய குழுவில் என்இசி கூடியிருக்க வேண்டும் அல்லவா? கூடவில்லை. அதிகம் ஏற்றியவர்களில் 10.0 சதவீதம், குறைவாக ஏற்றியவர்களில் 10.5. ஐரோப்பிய ஆய்வில் 5.3-ம் 6.2-ம். இரண்டிலுமே இந்த வித்தியாசம் தற்செயலுக்குள் அடங்கிவிடும் அளவுதான். இரண்டு வயதில் உயிரோடும் பெரிய ஊனம் இல்லாமலும் இருப்பதிலும் இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை.

இந்த எண்களை அந்தத் தம்பியிடம் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். நான் பேசிய மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் அவரை ஆசுவாசப்படுத்தியது. "அதிகமா ஏத்தினவங்களுக்கும் அதே அளவுதானா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

ஆனால் இந்த ஆய்வுகளைத் தப்பாகப் படிக்கவும் இடம் உண்டு. "குறைவா ஏத்தினாலும் ஒண்ணும் ஆகலையே, அப்ப ரத்தமே வேண்டாம்" என்று சிலர் போய்விடுகிறார்கள். குறைவாக ஏற்றிய குழுவிலும் 7 என்ற தரை இருந்தது. அதற்குக் கீழே எந்தக் குழந்தையையும் வேண்டுமென்றே விடவில்லை. 7-க்கும் கீழே போகும் ஆழமான சோகை இந்த ஆய்வுகளில் ஒப்பிடப்படவே இல்லை. 8.5-க்குக் காத்திருப்பது பாதுகாப்பானது என்று தெரிகிறது. 5-க்கோ 6-க்கோ காத்திருப்பது பாதுகாப்பானது என்று யாருமே காட்டவில்லை.

2024-ல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து வெளியிட்ட பரிந்துரையும் பொறுத்துப் பார்க்கும் வரம்பையே சொல்கிறது. மூச்சுக்கு உதவி இருந்தால் முதல் வாரம் 11, இரண்டாம் வாரம் 10, மூன்றாம் வாரத்திலிருந்து 9. உதவி இல்லாவிட்டால் 10, 8.5, 7. என் கருத்தும் அதுதான். தேவையில்லாத ஒவ்வொரு ஏற்றலும் இன்னொரு ஊசி, இன்னொரு கொடையாளரின் ரத்தம், உடலில் சேரும் இரும்பு. பலன் கூடாதபோது இவற்றை ஏன் கூட்ட வேண்டும்? அதே சமயம் வரம்பைத் தொட்டபின் "இன்னும் ரெண்டு நாள் பார்ப்போம்" என்று பயத்தில் தள்ளிப்போடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த இரண்டு நாளில் சோகை ஆழமாகும். கடைசியில் எலிச் சோதனையில் பார்த்த அதே நிலைமையில், ரொம்பத் தாழ்ந்த ஹீமோகுளோபினோடு, ரத்தம் ஏற்றுவோம்.

வார்மரில் இருந்த குட்டிக்கு வயது நாலாவது வாரம், மூக்கில் சீபேப், ஹீமோகுளோபின் 7.8. வரம்பு 9. இப்போது ஏன் சாயங்காலமே ஏற்றச் சொன்னேன் என்று புரியும்.

அளவையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "ரத்தம் ஏத்தறது" என்றதும் பெரிய பை ஒன்று முழுசாக உள்ளே போவதாகத்தான் எல்லாரும் நினைக்கிறார்கள். ஒரு கிலோக் குழந்தையின் உடம்பில் மொத்தமே 90 மில்லி அளவு ரத்தம்தான், டீக்கடைக் கண்ணாடி கிளாஸ் அளவு. ஒரு தடவை ஏற்றுவது கிலோவுக்கு 15 மில்லி. ஒரு பாலாடை. அதை சிரிஞ்ச் பம்பில் வைத்து மூன்று நாலு மணி நேரம் ஓடவிடுவோம்.

அந்த நேரத்தில் பால் கொடுப்பதா, நிறுத்துவதா

இதுதான் உண்மையிலேயே கடினமான தேர்வு. ஒவ்வொரு என்ஐசியுவிலும் ஒவ்வொரு வழக்கம். ஒரே ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் நிறுத்துவார், அடுத்த டூட்டிக்கு வரும் டாக்டர் தொடர்வார். பெற்றோருக்குக் குழப்பம் வருவது நியாயம்தான்.

நிறுத்தலாம் என்பதற்குப் பின்னால் ஒரு தர்க்கம் இருக்கிறது. சாப்பிட்டால் குடலுக்கு ரத்த ஓட்டம் கூட வேண்டும். ரத்தம் ஏற்றிய பிறகு சில குழந்தைகளில் பால் கொடுத்தும் அந்த ஓட்டம் வழக்கம்போல் கூடுவதில்லை என்று ஸ்கேனில் அளந்து பார்த்திருக்கிறார்கள். வேலை கொடுக்கிறோம், கூலி கொடுக்கவில்லை என்கிற மாதிரி. அதனால் ரத்தம் ஏறும்போது குடலுக்கு ஓய்வு கொடுப்போம் என்றார்கள். பால் நிறுத்தும் வழக்கத்தைக் கொண்டுவந்த இடங்களில், அதற்கு முன்னும் பின்னும் ஒப்பிட்ட ஏழு ஆய்வுகளை 2017-ல் தொகுத்தபோது, ரத்தத்தைத் தொடர்ந்து வரும் என்இசி ஏறத்தாழ பாதியாகக் குறைந்ததாக வந்தது.

பாதியாகக் குறைந்ததா, அப்போது யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். முன்னும் பின்னும் ஒப்பிடும் ஆய்வில் ஒரு பெரிய பலவீனம் இருக்கிறது. ஒரு என்ஐசியு விழித்துக்கொண்டு ஒரு விதியை மாற்றும்போது, அதோடு சேர்த்துப் பத்து விஷயம் மாறும். தாய்ப்பால் கூடும், கை கழுவுவது கூடும், ரத்த வரம்பு மாறும், நர்ஸ்கள் வயிற்றை அடிக்கடி பார்ப்பார்கள். எது குறைத்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வுகளை மட்டும் தேடி 2019-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் குழு தொகுத்தபோது கிடைத்தது ஒரே ஒரு ஆய்வு, 22 குழந்தைகள். அதை வைத்து எந்தப் பக்கமும் பேச முடியாது. பிரிட்டனில் வீட் என்ற ஆய்வுக்கு முன்னோட்டம் நடத்தினார்கள். ஒரு குழுவுக்குப் பால் தொடரும். இன்னொரு குழுவுக்கு ரத்தம் ஏற்றுவதற்கு 4 மணி நேரம் முன்பே நிறுத்தி, முடிந்து 4 மணி நேரம் கழித்துத் தொடங்குவார்கள்.

இந்த நாலும் நாலும் என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். முன்னால் 4, ஏற்றும் நேரம் 4, பின்னால் 4. மொத்தம் 12 மணி நேரம். இரண்டு மணிக்கொரு பால் என்றால் ஆறு வேளை. நாலைந்து முறை ரத்தம் ஏற்றும் குழந்தைக்கு இரண்டு நாளுக்கு மேல் பட்டினி. பட்டினி என்றால் சும்மா இல்லை. சர்க்கரை இறங்காமல் இருக்க ட்ரிப் போட வேண்டும், அதற்கு இன்னொரு நரம்பு தேட வேண்டும். அந்தக் கையைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். என் ஆள்காட்டி விரல் தடிமன்கூட இருக்காது, ஏற்கெனவே நாலு இடத்தில் குத்திய தழும்பு, நரம்பு நூல் மாதிரி இருக்கும். அப்புறம் ட்ரிப் வழியாக வரும் தொற்று. அப்புறம் பக்கத்து அறையில் மூன்று மணிக்கொரு தடவை அலாரம் வைத்துப் பால் பீய்ச்சும் அம்மா, "இன்னைக்குக் குழந்தைக்குப் பால் இல்லை" என்று கேட்கும்போது அவள் முகம்.

நடுவில் மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது. ரத்தம் ஓடும் அந்த மூன்று நாலு மணி நேரத்துக்கு மட்டும் நிறுத்துவது, அல்லது பாலின் அளவைப் பாதியாக்குவது.

நான் எப்படித் தீர்மானிக்கிறேன் என்று கேட்டால், எல்லாக் குழந்தைக்கும் ஒரே விதி வைப்பதில்லை. தாய்ப்பால் குடிக்கும், வயிறு மெத்தென்று இருக்கும், ஹீமோகுளோபின் 7-க்கு மேலே இருக்கும்போதே ஏற்றும் குழந்தைக்கு நான் முன்னும் பின்னும் நாலு மணி நேரம் நிறுத்துவதில்லை. ரத்தம் ஓடும் நேரத்தில் ஒரு வேளை, இரண்டு வேளை விடுவேன், அவ்வளவுதான். ஹீமோகுளோபின் ரொம்பத் தாழ்ந்துபோன பிறகு வேறு இடத்திலிருந்து வந்த குழந்தை, பவுடர் பாலில் இருக்கும் குழந்தை, பிரஷரை ஏற்றும் மருந்து ஓடும் குழந்தை, அன்றைக்குக் குழாயில் பால் செரிக்காமல் திரும்பி வரும் குழந்தை என்றால் தயங்காமல் நிறுத்துவேன். உங்கள் டாக்டர் எல்லாருக்கும் நிறுத்துகிறார் என்றால் அது தவறு இல்லை. தொடர்கிறார் என்றாலும் தவறு இல்லை. ஆனால் அந்த யூனிட்டில் ஒரு வழக்கம் இருக்கிறதா, எல்லா டூட்டியிலும் அதையே செய்கிறார்களா என்று கேளுங்கள். காலை ஒன்று, ராத்திரி ஒன்று என்றால்தான் எனக்குக் கவலை.

யாருடைய ரத்தம், எவ்வளவு புதுசு

தம்பியின் அம்மாவும் அங்கே இருந்தார். இத்தனை நேரம் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தவர், "டாக்டரம்மா, ஊரார் ரத்தம் எதுக்கு? எம்மவன் ரத்தத்தையே எடுத்துக்கங்க, நானும் தர்றேன்" என்றார். பாசத்தில் வரும் பேச்சு இது, ஒவ்வொரு வாரமும் கேட்கிறேன். ஆனால் இந்தத் தேர்வில் ரத்த வங்கிதான் நல்லது. நெருங்கிய சொந்தத்தின் ரத்தத்தில் இருக்கும் வெள்ளணுக்களைக் குழந்தையின் உடம்பு அந்நியம் என்று அடையாளம் காணாமல் விட்டுவிடலாம். அவை உள்ளே தங்கிக் குழந்தையையே தாக்கத் தொடங்கும். அரிதானது, வந்தால் காப்பாற்றுவது மிகக் கடினம். அதனால்தான் உறவினர் ரத்தத்தைக் கதிர்வீச்சு கொடுக்காமல் ஏற்றக் கூடாது என்கிறார்கள். அப்பாவின் ரத்தத்தில் இன்னொரு சிக்கல், அம்மாவிடமிருந்து குழந்தைக்கு வந்திருக்கும் எதிர்ப்புப் புரதங்கள் அதோடு சண்டை போடலாம். பாட்டியிடம், "உங்க ரத்தத்தை வங்கிக்குக் குடுங்கம்மா, இன்னொரு பிள்ளைக்கு ஆகும்" என்றேன். பாட்டிக்கு வயது கடந்துவிட்டது, மகன் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

கேட்க வேண்டியது வேறு ஒன்று. ஒரே கொடையாளரின் பையைச் சின்னச் சின்னப் பைகளாகப் பிரித்து இந்தக் குழந்தைக்கென்று எடுத்துவைக்க முடியுமா? முடிந்தால் மூன்று தடவை ஏற்றினாலும் ஒரே ஆளின் ரத்தம்தான் உள்ளே போகும். வெள்ளணு நீக்கிய ரத்தமா என்பதையும் கேட்கலாம்.

புது ரத்தம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கத் தேவையில்லை. கனடாவில் 377 குறைமாதக் குழந்தைகளைப் பிரித்து, ஒரு வாரத்துக்கு உட்பட்ட ரத்தத்தையும் வழக்கமான ரத்தத்தையும் ஒப்பிட்டு 2012-ல் வெளியிட்டார்கள். என்இசி உட்படப் பெரிய சிக்கல்கள் இரண்டு பக்கமும் ஒரே அளவு, 52.7-ம் 52.9-ம் சதவீதம்.

ரத்தமே தேவைப்படாமல் பார்ப்பது

இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டுமோ என்று தோன்றுகிறது. ஏனென்றால் மேலே சொன்ன எல்லாத் தேர்வையும்விட இதில்தான் நம் கையில் அதிகம் இருக்கிறது, ஆனால் படிவம் வரும்போது இதற்கான நேரம் பாதி போயிருக்கும்.

பிறந்தவுடன் தொப்புள்கொடியை உடனே வெட்டாமல் 30 முதல் 60 விநாடி பொறுத்தால், நஞ்சுக்கொடியிலிருந்து ரத்தம் குழந்தைக்கு வந்து சேர்கிறது. பிறகு ஏற்ற வேண்டிய ரத்தம் குறைகிறது. உயிர் பிழைப்பதும் கூடுகிறது என்று 2023-ல் வந்த பெரிய தொகுப்பு சொல்கிறது. என்இசி தெளிவாகக் குறைவதாகப் பெரிய ஆய்வுகளில் வரவில்லை. ஆனாலும் செலவே இல்லாத ஒரு நிமிஷம். குறைப்பிரசவம் ஆகலாம் என்று தெரிந்தால் மகப்பேறு டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுவையுங்கள். கொடியைக் கையால் உருவிவிடுவது இதற்கு மாற்று ஆகாது. 28 வாரத்துக்கும் குறைந்த குழந்தைகளில் மூளைக்குள் ரத்தக்கசிவு கூடியதால், அதைச் சோதித்த ஆய்வில் அந்தப் பிரிவைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். 2019-ல் அது வெளிவந்தது.

அடுத்தது, நாங்கள் எடுக்கும் ரத்தம். இதைச் சொல்லும்போது எனக்கே குற்ற உணர்வு வரும். டெஸ்டுக்கு ஒரு மில்லி எடுத்தால் ஒரு கிலோக் குழந்தைக்கு அது உடம்பிலுள்ள ரத்தத்தில் நூற்றில் ஒரு பங்கு, பெரியவரிடம் 50 மில்லி எடுப்பதற்குச் சமம். முதல் சில வாரத்தில் குழந்தை இழக்கும் ரத்தத்தில் பெரும்பகுதி லேபுக்குப் போகிறதுதான். எங்கள் யூனிட்டில் ஒவ்வொரு கட்டில் தலைமாட்டிலும் ஒரு தாள் தொங்கும். எடுத்த ஒவ்வொரு 0.3 மில்லியையும் நர்ஸ் அதில் எழுதுவார். எழுதத் தொடங்கிய முதல் மாதமே "தினமும் எதுக்கு இந்த டெஸ்ட்?" என்று ஜூனியர்கள் தாங்களாகவே கேட்கத் தொடங்கினார்கள். பெற்றோரும் மரியாதையாகக் கேட்கலாம், "இன்னைக்கு எடுத்தே ஆகணுமா டாக்டர்?" என்று. நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார்.

மஜ்ஜையை ரத்தம் தயாரிக்கத் தூண்டும் எரித்ரோபொயட்டின் ஊசி, ரத்தம் ஏற்றும் தடவைகளைக் குறைக்கிறது. ஆனால் மூளை வளர்ச்சியில் எதிர்பார்த்த பலன் 2020-ல் வந்த பெரிய ஆய்வில் கிடைக்கவில்லை. நான் எல்லாருக்கும் போடுவதில்லை.

அப்புறம் பால். குடலைக் காப்பாற்றுவதில் ரத்த வரம்பு, பால் நிறுத்துவது எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்து, தாய்ப்பாலை இன்னொரு தட்டில் வைத்தால் தாய்ப்பால் தட்டுதான் இறங்கும். 1990-ல் இங்கிலாந்தில் 926 குறைமாதக் குழந்தைகளைப் பார்த்த ஆய்வில், பவுடர் பால் மட்டுமே குடித்தவர்களுக்கு என்இசி, தாய்ப்பால் மட்டுமே குடித்தவர்களைவிட 6 முதல் 10 மடங்கு அதிகம். ரத்தம் ஏற்றுவதால் என்று பயந்த அந்த இரண்டு மடங்கைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அம்மாவுக்குப் பால் போதவில்லை என்றால் தாய்ப்பால் வங்கியைக் கேளுங்கள். மும்பை சயான் மருத்துவமனையில் 1989-ல் தொடங்கியது ஆசியாவிலேயே முதலாவது. இன்றைக்குத் தமிழ்நாட்டில் பல அரசு மருத்துவமனைகளிலும் இருக்கிறது.

இதைச் சொன்னபோது தம்பி போனைச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, "அவ பால் வரலைன்னு ரெண்டு நாளா அழுதுட்டு இருக்கா மேடம்" என்றார். அன்றைக்கு நாங்கள் பேசியதிலேயே இதுதான் அவசரமான விஷயம். நர்ஸை அனுப்பி அந்த அம்மாவைக் கூட்டிவரச் சொன்னேன். குழந்தையை நெஞ்சோடு சேர்த்துக் கங்காரு முறையில் ஒரு மணி நேரம் வைத்திருந்துவிட்டுப் பீய்ச்சச் சொன்னோம். முந்தைய நாள் ஒரு வேளைக்கு 8 மில்லி, அன்று மதியம் 20.

அவர் கையெழுத்துப் போட்டார். சாயங்காலம் ஆறு மணிக்கு ரத்தம் தொடங்கி ஒன்பதரைக்கு முடிந்தது. நடுவில் ஒரே ஒரு வேளைப் பாலை மட்டும் விட்டோம். அதற்கடுத்த 48 மணி நேரமும் நாலு மணிக்கொரு தடவை டேப்பை வைத்து வயிற்றுச் சுற்றளவு எடுக்கச் சொல்லியிருந்தேன். ராத்திரி டூட்டி சிஸ்டரிடம் தம்பி ஒவ்வொரு தடவையும் கண்ணாடிக்கு வெளியே நின்று "எவ்ளோ சிஸ்டர்?" என்று சைகையில் கேட்பாராம். 22, 22, 22 என்று விரலில் காட்டிக்கொண்டே இருந்ததாகச் சொன்னார். மூன்றாம் நாள் காலை சுற்றளவு 22 சென்டிமீட்டர்தான். குழாயில் பால் திரும்பி வரவில்லை. மலம் மஞ்சளாகவே போயிருந்தது. பாலை ஒரு மில்லி கூட்டினோம்.